மூச்சை மிச்சம் வைத்து ஓடியவர்

கோவை பந்தய சாலையில், ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், பத்துக் கிலோமீட்டர் ஓட்டமொன்றின் ஏழாவது கிலோமீட்டரில் என் வாயிலிருந்து ஒரு சொல் வெளிப்பட்டது. தண்ணீர்க் கோப்பையை நீட்டிய கல்லூரி மாணவனின் கையும் என் கையும் சரியாகச் சேராமல் கோப்பை தவறி, நீர் முழுவதும் என் சட்டையில் கொட்டியது. "சீ!" என்றேன். அந்தப் பிள்ளை முகம் வாடாமல், "சாரிங்கண்ணா" என்று சொல்லியபடி இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டு என்னோடு நான்கு எட்டு ஓடிவந்து கையில் கொடுத்தான். நன்றி சொல்லக்கூட என்னிடம் மூச்சு இருக்கவில்லை.

அந்த ஓரெழுத்துச் சொல் எனக்குப் புதியதன்று. ஏழு மாதங்களுக்கு முன், மே மாதத்து இரவொன்றில், என் அத்தாவிடம் அதே சொல்லைச் சொல்லியிருந்தேன். இரண்டு இடங்களிலும் அச்சொல் ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த ஓட்டம் தேவைப்பட்டது. நம்மில் பலர் வீட்டில் முதியோரைப் பேணிக்கொண்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், யாருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

அத்தா குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். கோவையின் பெயரை ஊரெங்கும் கொண்டு சென்ற பம்ப் மோட்டார்களுக்கான ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுத்தவர். பள்ளி விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்வேன். சில நேரம் லேத்தின் கைப்பிடியைத் திருக அனுமதிப்பார். எனக்கு எதிலும் அவசரம். ஒரேயடியாகத் திருகுவேன். டூல் ஆழமாக இறங்கும், இரும்பு அலறும், டூலின் முனை சூடேறி மழுங்கும். கடைந்த பரப்பு முள்முள்ளாக நிற்கும். "மொள்ளடா, இரும்பு எங்கயும் ஓடிப் போயிராது" என்பார். அதற்குமேல் திட்டியதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்புறம் பாதிக்கப்பட்டதால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. சில சொற்கள் மட்டும் மிஞ்சின. அவற்றுள் "அல்லாஹ்" ஒன்று, "மொள்ள" ஒன்று. இடக்கையால் உண்ண வேண்டிய நிலையை அவரால் தாங்க இயலவில்லை. வாழ்நாள் முழுவதும் வலக்கையால் உண்ட மனிதர். தட்டின் முன் அமர்ந்து கண்ணீர் விடுவார். இயலாதவருக்குச் சலுகை உண்டு என்று இமாம் வந்து எடுத்துச் சொன்ன பின்பே கவளத்தை வாய்க்குக் கொண்டு போனார். நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அமரவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை (புகாரி) நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய கருணை என்பது, அத்தா படுக்கையில் கண்ணிமைகளாலும் தலையசைவாலும் தொழுததைப் பார்த்த நாளில்தான் விளங்கிற்று.

அம்மா வஃபாத்தாகி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; அக்கா பொள்ளாச்சியில். இருவரும் வந்து, முறை வைத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்றார்கள். "நான் இருக்கேன்ல, நீங்க போங்க" என்றேன். எல்லாவற்றையும் நானே செய்தேன். உடல் துடைப்பது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, உடற்பயிற்சி, மருந்து, இரவு விழிப்பு என எதையும் என் மனைவியிடம்கூட முழுமையாக விட்டுக்கொடுக்கவில்லை. கரும்புக்கடையில் எங்கள் தெருவில் பேச்சு பரவியது. பள்ளிவாசல் வாசலில் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றால் இப்படியொரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றார்கள். வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே அது இனித்தது என்பதை இன்று ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதங்கள் சென்றன. மே மாதம், புழுக்கம் மிகுந்த ஓர் இரவு. இரண்டரை மணியிருக்கும். அன்று மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்திருந்தது. விளக்கைப் போட்டேன். அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீ! இப்பத்தானே மாத்துனேன்" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் சொற்களும் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விரிப்பை மாற்றினேன். விளக்கை அணைத்தேன். உறக்கம் வரவில்லை.

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால், அவர்களை நோக்கிச் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பாதே, அவர்களை விரட்டாதே, கண்ணியமாகப் பேசு என்று இறைவன் சூரா பனீ இஸ்ராயீலில் கட்டளையிடுகிறான். அரபியில் அந்தச் சலிப்பொலி "உஃப்". நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் அது "சீ" என்றே வருகிறது. எத்தனை பயான்களில் அந்த வசனத்தைக் கேட்டிருப்பேன்! குறிப்பாக எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று தடுக்கப்பட்டதோ, அதே சொல்லை, அதே நிலையில் இருந்த என் தகப்பனிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலையை இன்னும் கூட்டிக்கொண்டேன். அதுவே பரிகாரம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் எனக்கே இரத்த அழுத்தம் கூடிவிட்டது. எங்கள் மருத்துவர், வீட்டில் ஒரு நோயாளி போதும் என்று சொல்லி, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடக்கத் தொடங்கினேன். நடை சில வாரங்களில் மெல்லோட்டமானது. குளத்தின் மீது வரும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், நீர்க்காகங்களும், கரையில் எதிர்ப்படுவோர் சொல்லும் ஸலாமும் வணக்கமும் அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதலாயின. நவம்பரில் நண்பரொருவர் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். நம் ஊரில் ஓட்டக்காரர்களுக்குக் குறைவில்லை. புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடந்துவரும் கோயம்புத்தூர் மாரத்தான் ஆயிரக்கணக்கானோரைச் சாலைக்கு இழுத்து வந்திருக்கிறது. நான் ஓடியது அதைவிடச் சிறிய ஓட்டம். பந்தய சாலையையே நான்கு முறை சுற்றிவரும் ஏற்பாடு.

அங்கே நடப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சாலையின் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம் என்பதால் அந்தப் பெயர். மதீனாவிலும் குதிரைகளை ஓடவிட்டார்கள். பயிற்சி பெற்று மெலியவைக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை, ஐந்து அல்லது ஆறு மைல் ஓடவிட்ட நபி (ஸல்) அவர்கள், பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் தூரத்தையே வைத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அவர்களும் அதில் கலந்துகொண்டவர்களே. குதிரையின் ஆற்றலைப் பார்த்துத் தூரத்தை அமைத்தார்கள். நான் என் ஆற்றலைப் பார்த்து எதையும் அமைத்துக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது என் எண்ணம். கணக்கு எளிது: கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். ஊதல் ஒலித்தவுடன் முன்னால் நின்ற இளைஞர்கள் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். இதமான குளிர், மார்பில் எண் அட்டை, ஓரத்தில் நின்றவர்களின் கைதட்டல். முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 5 வினாடியில் கடந்தேன். சிரமமே தெரியவில்லை. இரண்டாவது 5:20. யாராவது என்னைத் தாண்டினால், அவரை மீண்டும் தாண்டும்வரை மனம் அடங்கவில்லை. மூன்றாவது 5:45. அப்போதே மூச்சு வாய்வழியாக வரத் தொடங்கிவிட்டது. ஐந்தாவது கிலோமீட்டரின் முடிவில் கடிகாரம் 28 நிமிடம் 50 வினாடி காட்டியது. கணக்குப்படி நான் முன்னால் இருந்தேன். உடல் வேறு கணக்கை வைத்திருந்தது.

ஓடுவோருக்குப் பழகிய அந்தக் கணக்கு இதுதான். அளவான வேகத்தில் ஓடும்போது, தசைகளுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி நாம் இழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டே கிடைத்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால், ஆக்சிஜன் போதாத அளவுக்கு ஆற்றலை உடல் அவசர வழியில் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரைச் சேமிப்பு விரைந்து கரைகிறது, லாக்டேட் இரத்தத்தில் ஏறுகிறது, தசைக்குள் அமிலத்தன்மை கூடி, கால் கனக்கிறது, மூச்சு இரைக்கிறது. முதல் சில நிமிடங்களில் இதன் வலி தெரிவதில்லை என்பதே இதிலுள்ள ஏமாற்று. கடன் வாங்கும்போது கை கனப்பதில்லை. மிச்சமுள்ள தூரம் முழுவதும் அந்தக் கடனை அடைத்தபடியே ஓட வேண்டியிருக்கும்.

ஏழாவது கிலோமீட்டர் 7:05. அங்கேதான் அந்தக் கோப்பை தவறியது. அந்தச் சொல் வந்தது. எட்டாவது 7:20. சுற்றுச்சுவரோரம் நடந்தேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஒரு பெண்மணி, புடவைக்கு மேல் ஓட்டச் சட்டை அணிந்தவர், எனக்கு ஓர் அங்குலமும் விரோதமில்லாத முகத்தோடு, முதல் சுற்றில் எந்த வேகத்தில் ஓடினாரோ அதே வேகத்தில் என்னைக் கடந்து போனார். 64 நிமிடம் 5 வினாடியில் முடித்தேன். முதல் பாதியைவிட இரண்டாம் பாதிக்கு ஆறரை நிமிடம் கூடுதலாகியிருந்தது.

முடிவுக்கோட்டின் அருகே மரத்தடியில் அமர்ந்திருந்தபோது அந்த மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே சுவர்ப்பக்கம் திரும்பிய இன்னொரு முகமும் வந்தது. அன்றுவரை மே மாதத்து இரவை என் குணக்கேடு என்று மட்டுமே எண்ணி, இன்னும் நல்லவனாக, இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது கிலோமீட்டர் எனக்கு வேறொன்றைக் காட்டியது. இரண்டு இடங்களிலும் பேசியவன் மூச்சு முட்டியவன். அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் அத்தாவின் மேலும் இல்லை. பிறருக்குக் கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் மீதமிருக்கவில்லை, அவ்வளவே. ஆனால் இதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கவும் இயலாது. ஏழாவது கிலோமீட்டரில் மூச்சு இல்லாமல் போனதற்கு முதல் கிலோமீட்டரில் ஓடியவன் பொறுப்பு. கைதட்டலுக்காகவும், பிறர் தாண்டிப்போகக் கூடாது என்பதற்காகவும் அங்கே செலவழித்தவன் அவன்தான். தம்பியையும் அக்காவையும் "நீங்க போங்க" என்று அனுப்பியவனும் அவன்தான்.

வீடு திரும்பியபோது, என் மனைவி அத்தாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் காலடியில் அமர்ந்தேன். "அத்தா, மே மாசத்துல ஒரு ராத்திரி உங்களை நான் 'சீ'ன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். இடக்கையை உயர்த்தி என் தலையில் வைத்தார். நீண்ட நேரம் எதையோ சொல்ல முயன்றார். சொற்கள் குழறின. என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை, இன்றும் தெரியாது. கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, எங்கள் பள்ளிவாசலில் இஷாவுக்குப் பின் நடக்கும் ஹதீஸ் வகுப்பில் ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து நீண்டதொரு செய்தியை வாசித்தார்கள். ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்களே தம் வரலாற்றைக் கூறும் செய்தி அது. நபியவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையடித்துச் சென்றவர்களைத் தன்னந்தனியாகக் கால்நடையாகவே துரத்தி மீட்டவர் அவர். தூகரத் என்னும் அந்தப் பயணத்திலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) அவர்கள் தம் ஒட்டகமான அள்பாவில் தமக்குப் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டத்தில் யாராலும் வெல்லப்படாத அன்ஸாரித் தோழர் ஒருவர் வழியில், மதீனாவரை என்னோடு ஓடுவோர் யாரேனும் உண்டா என்று திரும்பத் திரும்ப அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி கேட்டார். விரும்பினால் ஓடலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடத் தொடங்கினார்.

அடுத்து வருவதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் ஓரிரு மேடுகள்வரை அவர் தம்மை அடக்கிக்கொண்டு, மூச்சை மிச்சப்படுத்தினார். பிறகு அவரைப் பின்தொடர்ந்து ஓடினார். மீண்டும் ஓரிரு மேடுகளுக்குத் தம்மை அடக்கிக்கொண்டார். அதன் பின்பே வேகத்தைக் கூட்டி, அவரை எட்டிப்பிடித்து, தோள்களுக்கிடையே தட்டி, நீர் தோற்றுவிட்டீர் என்றார். மதீனாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் ஸலமா. காலாட்படையினரில் சிறந்தவர் ஸலமா என்று அதே நிகழ்வில் நபியவர்கள் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள். அத்தகையவர், எதிராளி முன்னே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, மூச்சை மிச்சம் வைத்து ஓடினார். அவர்களது கூற்றுப்படி, அதற்குப் பிறகு மூன்றே இரவுகள் தங்கி, கைபரை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்கள். ஓட்டம் முடிந்தபோதும் அவரிடம் அடுத்த பயணத்துக்கு மூச்சு இருந்தது.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் நிமிடக் கணக்குகளும் இதையே உறுதிசெய்கின்றன. 2020 அக்டோபர் 7 அன்று ஸ்பெயினின் வாலென்சியாவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டகெய் 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். முதல் பாதிக்கு 13 நிமிடம் 7 வினாடி சொச்சம். இரண்டாம் பாதிக்கு 13 நிமிடம் 3 வினாடி சொச்சம். உலகிலேயே மிக வேகமாக ஓடியவரின் இரு பாதிகளுக்கும் இடையே நான்கு வினாடி வேறுபாடு. என் இரு பாதிகளுக்கும் இடையே ஆறரை நிமிடம். நம் சமுதாயத்து இளைஞர்கள் விரும்பும் மோ ஃபாராவையும் நினைத்துக்கொண்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம் வென்று தடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தவர். 2016 ரியோவில் அதே ஓட்டத்தின் நடுவே இடறி விழுந்தும், எழுந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இடையில் விழுந்தவர் எழுந்து வெல்லவேண்டுமானால், விழுவதற்கு முன் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டிருக்கக் கூடாது.

வகுப்பு முடிந்த அன்றிரவே தம்பிக்கும் அக்காவுக்கும் போன் செய்தேன். என்னால் தனியாக முடியவில்லை என்று சொல்ல, முப்பது வினாடிகள் தேவைப்பட்டன. "இதைக் கேக்கறதுக்குத்தானே இத்தனை மாசமாக் காத்துக்கிட்டிருந்தோம்" என்றாள் அக்கா. மாதத்தில் பத்து நாட்கள் அவள் வந்து தங்குகிறாள். சனி இரவும் ஞாயிறும் தம்பியின் முறை. காலையில் இரண்டு மணி நேரத்துக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்தினோம். செலவை மூவரும் பகிர்ந்துகொள்கிறோம். என் பங்கு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. முதல் சில வாரங்கள் அது உறுத்தியது; தெருவில் யாரேனும், இப்போது அக்காவா பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டால் கூசியது. இறைவனுக்கு மிக விருப்பமான செயல், குறைவாக இருந்தாலும் இடைவிடாது செய்யப்படுவதே என்ற நபிமொழி (புகாரி) அந்தக் கூச்சத்தைக் கரைத்தது. நற்செயல்களில் நடுநிலையைக் கைக்கொள்ளுமாறும், காலையிலும் மாலையிலும் இரவின் ஒரு பகுதியிலும் அளவோடு பயணம் செய்தால் சேருமிடம் சேரலாம் என்றும் அவர்கள் வழிப்போக்கரின் உவமையால் கற்பித்ததையும் எண்ணிக்கொண்டேன். ரமளானின் முதல் பத்தில் பள்ளிவாசலை நிரப்பிவிட்டு, கடைசிப் பத்தில் கடைவீதியில் திரியும் நமக்கெல்லாம் அந்த உவமை பொருந்தும்.

ஓட்டத்தையும் அவ்வாறே மாற்றிக்கொண்டேன். பெரியகுளக் கரையில் வாரத்துக்கு நான்கு நாட்கள். அவற்றில் மூன்று நாட்கள் வேண்டுமென்றே மெதுவாக. கடிகாரத்தைவிட நம்பகமான அளவுகோல் ஒன்றைக் கண்டுகொண்டேன். "சுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி" என்பதை ஒரே மூச்சில், எழுத்துகள் சிதையாமல் சொல்ல இயன்றால் வேகம் சரி. சொல் நடுவில் அறுந்தால், கால்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டே பேசிப்பார்க்கும் சோதனையைப் பயிற்சியாளர்கள் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நான் பேச்சுக்குப் பதில் திக்ரை வைத்துக்கொண்டேன்.

மறு ஆண்டு டிசம்பரில் அதே சாலைக்குச் சென்றேன். பள்ளியில் ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, அவசரமின்றிப் போய்ச் சேர்ந்தேன். இம்முறை 60 நிமிடத்துக்கான பலூன் கட்டிய வழிகாட்டி ஓட்டக்காரர் ஒருவர் இருந்தார். பேசர் என்பார்கள். தம் சொந்த நேரத்துக்காக ஓடாமல், பிறர் சரியான நேரத்தில் சென்று சேர்வதற்காக வேகம் மாறாது ஓடுபவர். இமாமுக்கு முந்தித் தலையை உயர்த்தக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அன்று அந்த பலூனுக்கு முந்துவதில்லை என்று எனக்குள் உறுதி செய்துகொண்டேன்.

முதல் கிலோமீட்டரே மிகக் கடினமாக இருந்தது. கால்கள் துடிக்கின்றன, நூற்றுக்கணக்கானோர் தாண்டிப் போகிறார்கள், தெரிந்த முகமொன்று, "என்ன பாய், இன்னிக்கு மொள்ளமாப் போறீங்க" என்று கேட்டுவிட்டுப் பறக்கிறது. 6 நிமிடம் 5 வினாடி. இரண்டாவது 6:02. பிறகு 6:00, 5:59, 5:58. ஐந்து கிலோமீட்டருக்கு 30 நிமிடம் 4 வினாடி. இலக்கைவிட நான்கு வினாடி பின்னால் இருந்தேன். ஆனால் திக்ர் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. ஆறாவது கிலோமீட்டரிலிருந்து, முதல் சுற்றில் என்னைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பட்டார்கள். கேலி செய்தவர் எட்டாவதில் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தார். ஓராண்டுக்கு முன் நான் நின்ற இடம் அது. "வாங்க பாய், சேர்ந்தே போவோம்" என்றேன். அரைக் கிலோமீட்டர் தூரம் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். பேச எனக்கு மூச்சு இருந்தது. பிறகு அவரே கையசைத்து என்னைப் போகச் சொன்னார். கடைசிக் கிலோமீட்டர் 5:40. மொத்தம் 59 நிமிடம் 35 வினாடி. அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்று நன்றி சொல்லியிருந்தேன். ஓராண்டுக்கு முன் கோப்பை நீட்டிய மாணவனைத் தேடினேன். அவன் கண்ணில் படவில்லை.

அத்தா இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் வரை நடந்தே வர வேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர். போன வெள்ளிக்கிழமை பதினான்கு நிமிடங்கள் ஆயின. என் கைக்கடிகாரம் அதை நடையென்றே ஏற்கவில்லை. நான் அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பதாக நினைத்து, எழுந்து நடக்கும்படி இடையில் எனக்கு நினைவூட்டியது. அத்தாவுக்கு அதைக் காட்டினேன். பாதி முகத்தால் சிரித்தார்.

உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரலி) அவர்களை இமாமாக நியமித்தபோது, பின்னால் நிற்பவர்களில் மிகவும் பலவீனமானவரின் நிலையைக் கருத்தில்கொண்டு தொழவைக்குமாறு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத்). வரிசையின் வேகத்தை அதிலுள்ள வலியவர் தீர்மானிப்பதில்லை. எங்கள் வீட்டில் இப்போது பலவீனமானவர் அத்தா. அவர் எட்டுக்கு என் எட்டைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சுருக்கிக்கொள்ளவும் வலிமை வேண்டும் என்பதை முன்பு அறிந்திருக்கவில்லை. ஆகையால்தான் தினமும் காலையில் குளக்கரைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு உறங்குகிறேன்.

பாதி வழியில் சுவரோரம் நின்றார். பள்ளியில் குத்பா தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் இமாமின் குரல் கேட்டது. என்னையறியாமல் அவர் முழங்கையை முன்னோக்கி அழுத்தியிருப்பேன் போலும். "மொள்ள" என்றார். தொழுகைக்கு வரும்போது ஓடிவர வேண்டாம், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற நபிமொழி நினைவுக்கு வந்தது. கையைத் தளர்த்தினேன். அவர் மூச்சு அடங்கும்வரை இருவரும் நின்றோம். பிறகு ஊன்றுகோலை அவரே எடுத்து முன்னால் வைத்தார்.

நம் பெற்றோருக்கு ஆற்றும் பணியில் நம்மை இறுதிவரை நிலைபெறச் செய்வானாக. நம் நாவிலிருந்து அந்தச் சொல் வெளிப்படுமுன் நமக்கு மூச்சைத் தருவானாக. நாம் சிறுவராயிருந்தபோது அவர்கள் நம்மேல் காட்டிய கருணையை அவர்கள்மேல் பொழிவானாக. ஆமீன்.